பொய் இறாலுக்கு மீன் ஏமாறுவது எப்படி?

பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவு. முழங்கால் அளவு தண்ணீர், அடியில் வெள்ளை மணல். இறால், நண்டு தேடி மேய்கிறது போன்ஃபிஷ். ஃப்ளை ஃபிஷிங்கில் இதற்கு நிஜ இரை கிடையாது. தூண்டில் முள்ளில் இழையும் ரோமமும் சுற்றிய பொய் இறால்தான். பேரு ‘ஷ்ரிம்ப் ஃப்ளை’.

எதை எடுப்பது?

பலரும் அழகைத்தான் பார்ப்பாங்க. முதலில் பார்க்க வேண்டியது எடை. இறால் தரையோரம் இருக்கும். ஃப்ளையும் அங்கே போய்ச் சேரணும். ஆழம் குறைவா? சின்ன உலோக மணிக் கண்கள் போதும். ஆழம் கூடினால் ஈயக் கண்கள். ஆழமில்லாத இடத்தில் கனமான ஃப்ளை ‘பொத்’தென்று விழுந்தால், மீன் ஓடிடும்.

நிறம், தரையைப் பொறுத்தது. மணலுக்கு வெளிர் பழுப்பு, இளஞ்சிவப்பு. கடற்புல்லுக்கு ஆலிவ், அடர் பழுப்பு. இதே ஆண்ட்ரோஸில் 1970-களில் பிறந்த ‘கிரேஸி சார்லி’ இன்றும் பிரபலம். வழிகாட்டி சார்லி ஸ்மித்தின் பெயர்தான் அதற்கு.

எப்படி வீசுவது?

மீனின் தலைமேல் போடாதீங்க. அது வரும் பாதையில், சற்று முன்னால் போட்டு மூழ்க விடுங்க. மீன் நெருங்கியதும் லைனைச் சின்னச் சின்னதாக இழுங்க. பயந்த இறால் வாலைச் சொடுக்கிப் பின்னால் தாவுமே, அதே அசைவு.

கடைசி நொடித் தப்பு

மீன் கவ்வியதும் கை தானாகக் கம்பைத் தூக்கும். அங்கேதான் மீன் கைநழுவும். கம்பைத் தாழ்த்தியே வைத்து, லைனைக் கையால் நீளமாக இழுங்க. முள் பதியாவிட்டாலும் ஃப்ளை மீன் பக்கத்திலேயே இருக்கும். அது திரும்பவும் கவ்வ வாய்ப்புண்டு!