கூரையில் விழும் வெயில்

வெயிலை வேலை வாங்குவது நமக்குப் புதிதன்று. புழுக்கிய நெல்லைக் களத்தில் பரப்பியதும், கருவாட்டை மணலில் உலர்த்தியதும், கூழ்வடகத்தை மொட்டைமாடியில் பிழிந்ததும் அவ்வேலையே. அவற்றுக்கெல்லாம் வேண்டியது வெயிலின் வெப்பம். இன்று வீட்டுக் கூரைகளில் ஏறியிருக்கும் கருநீலத் தகடுகளுக்கு வேண்டியதோ வெயிலின் ஒளி. சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டை, ஒரு குடும்பம் தன் சேமிப்பை எடுத்துக் கூரையில் வைப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். நான் அவ்வாறு அறிந்திருக்கவில்லை.

எங்கள் வீடு ஒரத்தநாட்டுக்கு அருகில் உள்ளது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் கொல்லையில் இருந்த ஏழு தென்னைகளில் ஆறு சாய்ந்தன. வீட்டின் தென்கிழக்கு மூலையில் நின்ற ஒன்று மட்டும் எஞ்சியது. ஊருக்கு மின்சாரம் திரும்பச் சில வாரங்கள் ஆயின. அந்நாள்களை மண்ணெண்ணெய் விளக்கொளியில் கழித்த என் அம்மா, கூரையில் சூரிய மின்தகடு பொருத்தப் போகிறோம் என்றதும் முதலில் கேட்டது இதுதான்: “கரண்டு போனாலும் இது எரியுமா தம்பி?”

“எரியும்மா” என்றேன். அந்த விடை தவறானது. அது ஏன் தவறு என்பதை அறிய, தகட்டுக்குள் நிகழ்வதை முதலில் காண வேண்டும்.

சிலபொருள்களின் மீது ஒளி படும்போது மின்னழுத்தம் தோன்றுவதை, பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் 1839இல் கண்டறிந்தார். அது பயன்பாட்டுக்கு வர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. சிலிக்கான் ஒரு குறைகடத்தி. தன்மையில் வேறுபட்ட இரண்டு சிலிக்கான் அடுக்குகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இயல்பாகவே ஒரு மின்புலம் அமைகிறது. ஒளி அங்கே எலக்ட்ரான்களை விடுவிக்க, அம்மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. அந்த ஓட்டமே மின்னோட்டம். ஒரு கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்டு மட்டுமே. ஆகவே, பல கலங்களைத் தொடரிணைப்பில் கோத்து ஒரு தகடாகவும், பல தகடுகளைத் தொடரிணைப்பில் கோத்து ஒரு வரிசையாகவும் ஆக்குகின்றனர். இந்தத் ‘தொடரிணைப்பு’ என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தகடு வேண்டும் என்பதற்கு மின்கட்டண அட்டையே போதும். எங்கள் வீட்டில் இரண்டு மாதங்களுக்குச் சராசரியாக 400 அலகுகள் செலவாயின. நாளொன்றுக்கு ஏழு அலகுக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு அலகுகள் தரும். எனவே, இரண்டு கிலோவாட் எங்களுக்குப் போதும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் தேவை. ‘நிழலற்ற’ என்பதே இங்குக் கடினமான சொல்.

தகடு பொருத்த வந்தவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தென்னையைக் காட்டினார். “இந்த மரத்த எடுத்துட்டீங்கன்னா ஆறு தகடு போடலாம் சார். மூணு கிலோவாட் வரும், மானியமும் கூடும்” என்றார். அவர் கூறிய கணக்கில் பிழையில்லை. 2024இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். அம்மா எதுவும் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். புயலுக்குத் தப்பிய மரத்தை நாங்களே வெட்டுவதா என்ற கேள்வி என்னிடமும் இருந்தது. அந்த மார்கழி முழுவதும் நிழலை அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மார்கழியில் ஏன் அளக்க வேண்டும்? நாம் கடகரேகைக்குத் தெற்கே வாழ்கிறோம். எங்கள் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது மரத்தின் நிழல் மரத்தடியிலேயே அடங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களில் ஞாயிறு உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது தெற்கே சாய்ந்திருப்பதால்தான் தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கின்றனர். மார்கழியில் அச்சாய்வு மிகுதி. அப்போது நண்பகலிலும் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். காலை ஒன்பது மணியளவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக நீண்டு வடமேற்கே கிடக்கும். சித்திரையில் மாடியைப் பார்த்து ‘நிழலே இல்லை’ என்று தகடு பொருத்தியவர்கள் மார்கழியில் வருந்துவது இதனால்தான்.

ஒரு தென்னங்கீற்றின் நிழல் எவ்வளவு இழப்பைத் தந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். தகட்டின் பத்தில் ஒரு பங்கில் நிழல் விழுந்தால் மின்சாரமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்றே நானும் எண்ணியிருந்தேன். தொடரிணைப்பின் இயல்பு அதுவன்று. வாய்க்காலை ஓரிடத்தில் மண்ணிட்டு அடைத்தால், அடைத்த இடத்தில் மட்டுமா நீர் குறைகிறது? கடைமடை வரை குறைகிறது. நிழல் பட்ட ஒரு கலம் தன் வரிசையில் உள்ள அனைத்துக் கலங்களின் ஓட்டத்தையும் தடுக்கிறது. அத்துடன், மற்றவை தரும் ஆற்றலைத் தானே உட்கொண்டு சூடேறுகிறது. இதைத் தவிர்க்கத் தகட்டின் பின்புறம் மாற்றுவழி டையோடுகளை வைக்கின்றனர். பெரும்பாலும் தகட்டுக்கு மூன்று. அவை அடைபட்ட பகுதியை விட்டு விலகி மின்னோட்டத்துக்கு வேறு வழி தருகின்றன. அப்போதும் கீற்றளவு நிழலுக்குத் தகட்டின் மூன்றில் ஒரு பங்கை இழக்க நேரிடும்.

சுண்ணக்கட்டியால் மாடித்தரையில் மணிக்கொரு முறை நிழலின் விளிம்பைக் கோடிட்டேன். மார்கழி முடிவில் அது ஒரு விசிறி போலத் தெரிந்தது. மரம் தென்கிழக்கு மூலையில் நின்றதால் காலை நிழல் மாடியைக் குறுக்காகக் கடந்தது. நண்பகலில் கிழக்கோரமாக வடக்கே விழுந்தது. பிற்பகலில் வீட்டை விட்டே விலகிவிட்டது. தென்மேற்கில் இருநூறு சதுர அடிக்கு மேல் ஒரு கோடும் விழவில்லை. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியை மாடியின் வடபுறத்துக்கு மாற்றச் செலவாயிற்று. ஆயினும் 540 வாட் திறனுள்ள நான்கு தகடுகளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் தேவையும் அவ்வளவே. தேவைக்கு மேல் ஒரு கிலோவாட்டுக்காக மரத்தை இழக்கும் கட்டாயம் இல்லை என்று அளவே சொல்லிவிட்டது.

வெப்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் மின்சாரம் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. தகட்டில் பொறித்துள்ள திறன் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அளக்கப்பட்டது. கோடை நண்பகலில் தகடு 60 பாகைவரை சூடேறும். அப்போது அதன் திறனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும். தகட்டைத் தளத்தோடு ஒட்டிவைக்காமல், அடியில் காற்றோட ஓரிரு அடி இடைவெளி விடுவது இதற்காகவே. அதே காற்று புயலாக வரும்போது தகட்டைக் கீழிருந்து மேலே தூக்கும். எனவே, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களின் கால்களைத் தளத்தோடு உறுதியாகப் பிணைத்துக் கற்காரையில் ஊன்றச் செய்தோம். கஜாவைக் கண்டவர்கள் இச்செலவில் சிக்கனம் பார்க்க மாட்டார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். தகடு தருவது நேர்த்திசை மின்னோட்டம். வீட்டுக் கருவிகளுக்கு வேண்டியது மாறுதிசை மின்னோட்டம். இடையில் நின்று மாற்றித் தருவது இன்வெர்ட்டர். அது தெருவில் வரும் மின்வாரியக் கம்பியின் துடிப்போடு இணைந்து இயங்குகிறது. பகலில் மிகுவது அக்கம்பிக்குச் செல்லும். இரவில் வேண்டியது அதிலிருந்து வரும். வந்ததையும் சென்றதையும் இருவழி மீட்டர் கணக்கிடும். தெருக்கம்பியில் மின்சாரம் நின்றால், நண்பகல் வெயிலிலும் இந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். அவ்வாறு நிற்குமாறுதான் அதை வடிவமைத்துள்ளனர்.

தகடு பொருத்திய இரண்டாம் வாரத்தில், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் மின்தடை ஏற்பட்டது, விசிறி நின்றது. “எரியும்னு சொன்னியே” என்றார் அம்மா. காரணத்தை விளக்கினேன். நம் கூரையிலிருந்து மின்சாரம் தெருக்கம்பிக்குப் போய்க்கொண்டே இருந்தால், இணைப்பு அறுந்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுபவரின் கை அதைத் தொடும். அம்மா சற்று நேரம் பேசவில்லை. கஜாவுக்குப் பிறகு பிற மாவட்டங்களிலிருந்து வந்து, சேற்றில் நின்று எங்கள் தெருவில் கம்பம் நட்டவர்களுக்கு அவர்தாம் நாள்தோறும் தேநீர் கொடுத்தவர். “அப்ப நிக்கட்டும்” என்றார்.

மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுவோர் மின்கலத் தொகுதியைத் தனியே சேர்க்க வேண்டும். அது தெருக்கம்பியைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும். ஆனால் விலை கூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலத்தை மாற்றவும் வேண்டும். நாங்கள் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடும் அளவுக்குச் சிறியதொன்றை வாங்கினோம். முதலிலேயே கேட்டறிந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகவே அமைத்திருக்கலாம்.

இப்போது எஞ்சியுள்ள வேலை, தகட்டைத் துடைப்பது. கண்ணாடி சூடாவதற்குமுன் விடியற்காலையில் தண்ணீர் ஊற்றி மென்மையான துணியால் துடைக்கிறோம். மாடியின் கிழக்குப் பகுதி இன்னும் அம்மாவின் வடகத்துக்கே உரியது. வடகத்தைத் தேடி வரும் காகங்கள் தகட்டின்மேல் அமர்ந்து எச்சமிடுகின்றன. அந்தச் சிறு வெள்ளைப் புள்ளியும் கலத்துக்கு நிழலே. அதனால் இவ்வாண்டு பங்குனியில் வடகத்தின்மேல் பழைய கொசுவலை ஒன்றை விரித்திருக்கிறார்.