ஆறு பரப்புக் காணியும் ஒரு வண்டி மணலும்

மாலையிற் பாடசாலைப் பையை மூலையில் எறிந்துவிட்டு வெளியே ஓடும் பிள்ளை எங்கே ஓடுகிறது? இக்கேள்வியை ஒவ்வொரு தாயும் தந்தையும் ஒரு நாளாவது தமக்குத் தாமே கேட்டுப் பார்த்தல் நன்று. நாம் சிறுவராயிருந்த காலத்தில் அதற்கு விடை எளிதாயிருந்தது. கோயில் வெளிவீதி இருந்தது. அறுவடை முடிந்த வயல் இருந்தது. வேலியில்லாத வெறுங்காணி இருந்தது. கிளித்தட்டுக்குக் கோடு கீறவும், கிட்டிப்புள்ளுக்குக் குழி தோண்டவும், பேணிகளை அடுக்கிப் பந்தெறியவும் எவரிடத்தும் அநுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றோ வெளிவீதியிற் கல் பதித்தாயிற்று. வயலில் வீடு எழுந்தாயிற்று. வெறுங்காணியைச் சுற்றி முட்கம்பி வந்தாயிற்று. ஆகவே பிள்ளை தெருவுக்கு ஓடுகிறது. தெருவிலோ மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஓடுகின்றன.

எமது ஊரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உருண்டோடிய பந்தைப் பிடிக்கத் தெருவிற் பாய்ந்தான். வண்டி மோதிக் கால் முறிந்தது. உயிர் தப்பியது தெய்வச் செயலென்று ஊரார் பேசிக்கொண்டனர். அன்றிரவு சனசமூக நிலையத்திற் கூடிய கூட்டத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடம் அமைத்தே தீர்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. செயலாளர் பொறுப்பு அவ்வாண்டு எம்மிடம் இருந்தமையால், பணம் தேடும் வேலையும் எம்மிடமே வந்து சேர்ந்தது. அந்த முயற்சியில் நாம் இழைத்த பிழைகளையும் கற்ற பாடங்களையும் இங்கே கூறினால், இதே எண்ணங் கொண்ட பிற ஊரவர்க்குச் சில மாதங்களாவது மிச்சமாகும் என நம்புகின்றோம்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டிடம் கேட்பது பிச்சை கேட்பதன்று. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று கூறுகின்றது. இலங்கை 1991 இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. விண்ணப்பத்தின் முதற் பந்தியில் இதனை ஒரு வரியிற் குறிப்பிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி எவரும் பணம் தரமாட்டார் என்பதையும் நாம் விரைவிலே கண்டுகொண்டோம்.

எமது முதல் விண்ணப்பம் இரண்டு பக்கக் கடிதம். பிள்ளைகளின் துயரத்தை உருக்கமாக எழுதினோம். கால் முறிந்த சிறுவனின் கதையையும் எழுதினோம். அயல்நாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மூன்று மாதங்களின் பின் இரண்டு வரியில் மறுப்பு வந்தது. இரண்டாவது கடிதத்தை அரச அலுவலகம் ஒன்றுக்கு நேரே கொண்டு சென்றோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு, "ஐயா, கடிதம் நன்றாக இருக்கிறது. காணி யாருடையது?" என்று கேட்டார். நாம் விழித்தோம்.

காணி ஒரு மூதாட்டியுடையது. ஆறு பரப்பு. அவரது பிள்ளைகள் இலண்டனில். ஆச்சியிடம் சென்று விடயத்தைச் சொன்னோம். "தம்பி, பிள்ளையள் விளையாடட்டும் எண்டு நான் எப்பவோ சொல்லிப்போட்டனே. இனி என்ன கடுதாசி?" என்றார். ஆச்சியின் வாக்குப் பொன்னானதுதான். ஆனால் ஆச்சிக்குப் பின்? நாளைக்கு ஓர் உரித்தாளர் வந்து வேலி போட்டால், பிறர் கொடுத்த பணத்தில் நட்ட ஊஞ்சல் யாருக்குச் சொந்தம்? இவ்வச்சத்தினாலேயே எந்த நிதியமும் காணியுறுதியை முதலிற் கேட்கின்றது. பிள்ளைகள் இலண்டனிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்ப, ஆச்சி நொத்தாரிசின் முன் கையொப்பமிட, "சிறுவர் விளையாடும் இடமாக மட்டும்" என்ற நிபந்தனையோடு காணி பிரதேச சபைக்கு நன்கொடையாயிற்று. இதற்கு எட்டு மாதம் சென்றது. அந்த எட்டு மாதமும் வீணன்று.

இத்தகைய நிபந்தனை புதியதுமன்று. பிரித்தானியாவில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1936 இல் மறைந்தபோது, அவர் நினைவாகச் சிலை எழுப்புவதோடு நில்லாமல் நாடெங்கும் விளையாட்டிடங்கள் அமைக்க ஒரு நிதியம் தோன்றியது. அது முழுச் செலவையும் சுமக்கவில்லை. உள்ளூர் மக்களும் சபைகளும் தேடிய பணத்தோடு தன் பங்கைச் சேர்த்தது. நிலம் என்றென்றும் விளையாட்டுக்கே உரியதாகப் பாதுகாக்கப்படல் வேண்டும் என்பதே அதன் கண்டிப்பு. அவ்வாறு 471 இடங்கள் அமைந்தன. கொடுப்பவர் பணத்தைவிட நிலத்தின் வருங்காலத்தையே பெரிதாக எண்ணினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

காணி கிடைத்தபின் பணம் எங்கே? நாம் தட்டிய கதவுகளை வரிசையாகச் சொல்லுகின்றோம். முதலாவது, உள்ளூராட்சிச் சபை. பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. மக்களின் வசதிக்கும் நலனுக்குமான பணிகள் அவற்றின் கடமைகளுட் சேரும். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்னரே கோரிக்கை சென்று சேர வேண்டும். திட்டம் நிறைவேறிய பின்னர் போனால் அநுதாபம் மட்டுமே கிடைக்கும். இரண்டாவது, பிரதேச செயலகம். கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ விளையாட்டுக் கழகமாகவோ பதிவு பெற்ற அமைப்புக்கே அங்கு வழியுண்டு. பதிவில்லாத பத்துப் பேரின் கையொப்பத்துக்கு அங்கே மதிப்பில்லை.

நகரப் பகுதியில் வாழ்வோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986 ஆம் ஆண்டு விதிகள், ஒரு ஹெக்டேயரிலும் பெரிய காணியைத் துண்டுகளாகப் பிரிக்குமிடத்து, தெருக்கள் நீங்கலாக 10 சதவீதத்துக்குக் குறையாத நிலத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டுமென விதித்தன. உங்கள் அயலில் அவ்வாறு பெருங்காணி பிரித்து விற்கப்பட்டிருப்பின், ஒதுக்கிய துண்டு எங்கே என்று சபையிலே வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். பற்றை மூடிய அந்த மூலை உங்கள் பிள்ளைகளுடையதாக இருக்கலாம்.

மூன்றாவது கதவு தூதரகங்கள். யப்பான் அரசு 1989 இல் தொடங்கிய அடிமட்ட மக்களுக்கான நன்கொடைத் திட்டம் இவற்றுள் நன்கு அறியப்பட்டது. தனியாருக்கும் இலாப நோக்குடையோருக்கும் அதில் இடமில்லை. உள்ளூராட்சிச் சபைகளும் இலாபம் கருதாத அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். கட்டடமும் கருவியும் அதன் வரம்புக்குள் வரும். சம்பளமும் நாளாந்தச் செலவும் வாரா. நான்காவது, றோட்டரி, லயன்ஸ் போன்ற கழகங்கள். றோட்டரியின் உலகளாவிய நிதி 30,000 அமெரிக்க டொலருக்குக் குறைந்த திட்டங்களுக்கு இல்லை. சிறு வேலைகளுக்கு அதன் மாவட்ட நிதியையே நாடல் வேண்டும். ஐந்தாவது, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும். அவர்கள் எமக்கு உறவினர். ஆயினும் கணக்கு வேண்டும். உறவினர் என்பதற்காகக் கணக்கை விட்டுவிட்ட ஊர்களில் இரண்டாம் முறை பணம் வரவில்லை.

எமது மூன்றாவது விண்ணப்பம் கடிதமாக இருக்கவில்லை. ஒரு கோவையாக இருந்தது. காணியுறுதியின் பிரதி, நில அளவைப் படம், சங்கப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கின் கூற்று, முந்திய ஆண்டின் கணக்கறிக்கை, மூன்று வேலைத்தலங்களில் எழுதி வாங்கிய விலை விபரம், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு ஆகியவை அதில் ஒழுங்காக இருந்தன. அத்துடன் ஊரின் பங்கையும் கணக்கிட்டோம். நாற்பது பேர் இரண்டு நாட் சிரமதானம் செய்தால் எண்பது ஆள் நாள். அன்றைய நாட்கூலியாற் பெருக்கி அத்தொகையை எமது முதலாக எழுதினோம். கையை நீட்டி நிற்பவனிலும் கையிலே மண்வெட்டியோடு நிற்பவனுக்கே கொடுப்பவர் மனம் இரங்குகின்றது.

ஆனால் ஒரு பெரும் பிழையை அப்போதும் செய்யவிருந்தோம். எவை எவை வேண்டுமென்ற பட்டியலைப் பெரியவர்களாகிய நாமே எழுதி முடித்துவிட்டோம். மாதர் சங்கத் தலைவி தடுத்து, "பிள்ளையளைக் கேட்டீங்களோ?" என்றார். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக் கேட்டோம். நாம் எழுதிய வர்ணச் சறுக்கு மரத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. கிளித்தட்டுக்குச் சமதரை வேண்டுமென்றனர் சிலர். மாமரத்தைத் தறிக்கக் கூடாதென்றனர் பலர். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, "மாமா, அம்மம்மா இருக்க ஒரு வாங்கு போடுங்கோ. இல்லாட்டி எங்களை விடமாட்டினம்," என்றாள். வாங்கு இல்லாவிடின் ஊர்ப் பெண் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் அந்த இடத்தை வெளியே நின்றுதான் பார்த்திருப்பர். ஒரு வாங்கின் விலை எமது பட்டியலிலேயே மிகச் சிறிய தொகை.

விலை மிகுந்த கருவிதான் விளையாட்டென்று எண்ணுவோருக்கு இரண்டு செய்திகள் சொல்வோம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1880 களின் நடுவிற் பிள்ளைகளுக்கான விளையாட்டிடம் தொடங்கியபோது, அங்கே இருந்தது ஒரு மணற் குவியல் மாத்திரமே. பேர்லினில் அவ்வாறான குவியல்களிற் பிள்ளைகள் விளையாடியதைக் கண்ட ஒரு பெண் வைத்தியரின் தூண்டுதலால் அது வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் அம்ஸ்ரர்டாம் நகரசபை, 1947 இல் ஒரு சிறு சதுக்கத்தில் மணற்றொட்டியும் சில கம்பிச் சட்டங்களும் அமைத்தது. வரைந்தவர் அல்டோ வான் எய்க் என்ற இளங் கட்டடக் கலைஞர். அதைக் கண்ட அயலவர், எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டுமென்று சபைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினர். வெறுமையாய்க் கிடந்த இடங்களும் கவனிப்பாரற்ற மூலைகளும் ஒவ்வொன்றாக விளையாட்டிடமாயின. மூன்று தசாப்தங்களில் அவை எழுநூறுக்கு மேலாயின. மக்கள் எழுதிய கடிதங்களுக்கும் அதிற் பங்குண்டு.

எமது மட்டக்களப்பிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996 இல், கனடாக் கலைஞர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை உருவாக்கினர். போரின் கொடுமையைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து விளையாடவும், படம் வரையவும், கதை சொல்லவும் அங்கே இடம் கிடைத்தது. வெளிநாட்டு உதவி அதற்குத் துணை நின்றது. ஆயினும் பிள்ளைகளோடு நாள்தோறும் இருந்தவர்கள் உள்ளூரவர்களே.

இனிப் பராமரிப்பு. அயலூர் ஒன்றில் வர்ணம் பூசிய ஊஞ்சல்களும் சறுக்கு மரமும் வந்திறங்கின. நாடா வெட்டினர், மாலை போட்டனர், படம் எடுத்தனர். விழாவுக்கு வந்தவர் பலர். சங்கிலிக்கு எண்ணெய் போட வந்தவர் எவருமிலர். ஐந்தாம் ஆண்டிற் கடற்காற்றில் துருவேறிய சங்கிலி அறுந்து ஒரு சிறுமியின் கை முறிந்தது. மறுநாளே ஊஞ்சல்களைக் கழற்றிக் கொண்டு போய்விட்டனர். ஆதலால் நிதி கேட்கும் நாளிலேயே பராமரிப்புக்கு ஒரு வழி எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஆணியையும் சங்கிலியையும் பார்க்கவேண்டிய ஒருவரின் பெயரைக் கூட்டக் குறிப்பேட்டிற் பதியுங்கள்.

கருவியின் அடியிலுள்ள தரையும் கருவியைப் போன்றே முக்கியமானது. 4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்கு 9 அங்குல ஆழமான இறுகாத மணல் தேவையென அமெரிக்காவின் பாதுகாப்புக் கைந்நூல் கூறுகின்றது. ஊஞ்சல் தொங்கும் சட்டத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு இடம் முன்னும் பின்னும் வெறுமையாக இருத்தல் வேண்டும். சீமெந்துத் தரையில் ஊஞ்சல் நடுவது பாவம்.

எமது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கேட்டதில் பாதியே கிடைத்தது. வேலி, தண்ணீர்க் குழாய், மலசலகூடம், இரண்டு ஊஞ்சல் ஆகியவற்றுக்கு அது போதுமானதாயிற்று. சமதரையும் வாங்கும் சிரமதானத்தில் முடிந்தன. மணல் ஒரு வண்டி ஊரிலேயே கிடைத்தது. சறுக்கு மரம் இன்றும் இல்லை. அதனைக் கேட்டு எந்தப் பிள்ளையும் இதுவரை அழவில்லை.

திறப்பு விழா வைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை படலையைத் திறந்துவிட்டோம். ஆச்சி வாங்கிலே வந்து அமர்ந்தார். கால் முறிந்த சிறுவன் சற்றே சாய்ந்து சாய்ந்து ஓடிவந்து கிளித்தட்டிற் கிளியாக நின்றான். பந்து இரண்டு முறை வேலியிற் பட்டுத் திரும்பிற்று, தெருவுக்குப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவன் தாயார் எம்மிடம் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் நின்று, இரவுச் சமையலுக்கு நேரமாயிற்றென்று வீட்டுக்குப் போனார். பிள்ளையைக் கூப்பிட்டுக் கொண்டு போகவில்லை.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஆச்சியும் ஆறு பரப்பும் இருக்கக்கூடும். கடிதத்தை நாளைக்கு எழுதலாம். இன்றைக்குப் போய்க் காணி யாருடையதென்று கேட்டுவாருங்கள்.