நெய்வேலி - சென்னை வான்வழித் தொலைவு

நெய்வேலி - சென்னை வான்வழித் தொலைவு என்பது நெய்வேலி, சென்னை வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஆகும். இது ஏறத்தாழ 166 கிலோமீட்டர். கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு, நெய்வேலி நிலையத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது.

கணிப்பு

இரு நிலையங்களின் அட்சரேகை வேறுபாடு சுமார் 1.37 பாகை, அதாவது தென்வடலாக 151 கி.மீ. தீர்க்கரேகை வேறுபாடு 0.64 பாகை, கிழமேற்காக 69 கி.மீ. பித்தாகரசு தேற்றப்படி இவற்றின் கர்ணம் 166 கி.மீ. ஆகும்.

பறப்பு நேரம்

மணிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் பறக்கும் 19 இருக்கை டோர்னியர் 228 வானூர்தி இத்தொலைவை 25 நிமிடங்களில் கடக்கும் எனக் கணக்கிடலாம். ஆயினும் மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாதலால் உண்மையான நேரம் கூடும். நிலையத்தை அடைதல், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு ஆகியன இதனுடன் சேரும். எனவே சேத்தியாத்தோப்பிலிருந்து செல்பவருக்கு மிச்சமாகும் நேரத்தைத் தரையில் கழியும் நேரமே பெரிதும் தீர்மானிக்கிறது.

2017 இல் உடான் திட்டத்தின் முதற்சுற்றில் நெய்வேலி தேர்வு செய்யப்பட்டது. எனினும் அவ்வாண்டில் சேவை தொடங்கவில்லை.