எரிப்பதா, புதைப்பதா, தானமாகத் தருவதா?

வீட்டில் ஒருவர் கண்மூடிய சிறிது நேரத்திலேயே "எப்போ எடுக்கிறீங்க?" என்ற கேள்வி வந்துவிடும். அழுகைக்கு நடுவே எதையும் யோசிக்க முடியாது. கடைசியில், குரல் ஓங்கிய உறவினர் யாரோ அவர் சொன்னதுதான் நடக்கும். இறந்தவருக்கு வேறு விருப்பம் இருந்திருந்தால் அது அங்கேயே காணாமல் போகும். அதனால் உங்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்பதை வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே பேசி வையுங்கள்.

முதலில் எதை முடிவு செய்வது?

எரிப்பதா புதைப்பதா என்பதற்குச் சில மணி நேரம் பொறுக்கலாம். கண் தானத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். பக்கத்தில் உள்ள கண் வங்கிக்கோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வையுங்கள். ஓடும் விசிறிக்குக் கீழே கண் உலர்ந்துவிடும்.

முகம் விகாரமாகிவிடாதா, கண்ணாடி போட்டவர் ஆயிற்றே, சர்க்கரை நோய் இருந்ததே என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் எடுப்பது கார்னியாவை (கண்ணின் முன்னால் உள்ள தெளிவான மெல்லிய படலம்) மட்டும்தான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடி அணிந்தவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லோருமே தரலாம். அதன்பின் எரிப்பதற்கும் புதைப்பதற்கும் ஒரு தடையும் இல்லை.

உடலையே தானமாகத் தர முடியுமா?

முடியும். அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை (மாணவர்கள் மனித உடலைப் படிக்கும் பிரிவு) பெற்றுக்கொள்ளும். மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசுவின் உடல் 2010இலும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024இலும் இப்படித்தான் தரப்பட்டன.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் இறந்த பிறகு, கல்லூரிக்குத் தகவல் சொல்ல வேண்டியது குடும்பம்தான். அவர்கள் மறுத்தால் தானம் நடக்காது. உயிலில் எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். உயிலைப் பெரும்பாலும் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் பிரிக்கிறார்கள். மனைவி, பிள்ளைகள், அண்ணன் தம்பி எல்லோர் காதிலும் சொல்லி வையுங்கள்.

எல்லா உடலையும் ஏற்க மாட்டார்கள். விபத்து, தற்கொலை போன்றவற்றில் பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி போன்ற தொற்று இருந்தவர் உடலையும் பொதுவாகத் திருப்பிவிடுவார்கள். கண் மட்டும் எடுத்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. முன்கூட்டியே அந்தத் துறையில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: சாம்பலோ எலும்போ உங்கள் கைக்கு வராது. படம் வைத்துப் பதினாறாம் நாள் காரியம் செய்யத் தடையில்லை, ஆனால் ஆற்றில் கரைக்க ஒன்றும் இருக்காது. அம்மாவுக்கு அது தாங்குமா என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

விறகா, எரிவாயுவா?

விறகும் வரட்டியும் அடுக்கி மூட்டம் போட்டால் உடல் எரிய இரவு முழுவதும்கூட ஆகும். மறுநாள் போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்குவார்கள். மழைக்காலத்தில் ஈர விறகோடு திண்டாட்டம்தான்.

மின்மயானத்திலும் எரிவாயு தகனமேடையிலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்து, அன்றைக்கே அஸ்தி கிடைத்துவிடும். சடங்கு விட்டுப்போகுமே என்ற பயம் தேவையில்லை. வாய்க்கரிசி போடலாம், குடம் சுற்றி உடைக்கலாம். கொள்ளி வைப்பதற்கு மார்பின்மேல் ஒரு கட்டிக் கற்பூரம் வைத்து ஏற்றச் சொல்வார்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே தண்டவாளத்தில் தட்டு உள்ளே போகும், கதவு இறங்கும். சிலருக்கு அந்தக் கதவுச் சத்தம் தாங்க முடியாது. கூட வரும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இதய நோயாளிகளின் வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவி) இருந்தால், தகனத்துக்கு முன் மருத்துவரைக் கொண்டு அகற்றிவிடுங்கள். அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கக்கூடும். புதைப்பதென்றால் இந்தக் கவலை இல்லை.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் சாதிக்கொரு சுடுகாடு இருக்கும் நாட்டில், யார் வந்தாலும் ஒரே மேடையில் கிடத்தும் தகனமேடை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2019இல் வாணியம்பாடி அருகே, வழி மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதைப் பார்த்த பிறகு இந்த எண்ணம் இன்னும் உறுதியானது. பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் இல்லை. மகள் கொள்ளி வைக்க விரும்பினால் தாராளமாக வைக்கலாம்.

இந்துக்கள் புதைக்கலாமா?

தமிழ்நாட்டில் புதைக்கும் வழக்கமுள்ள சமூகங்கள் ஏராளம். அதனால் "நம்ம வழக்கம் எது?" என்று குடும்பத்து மூத்தவரிடம் கேட்பதே சரி. இஸ்லாமியர்களுக்குக் கபர்ஸ்தான் ஒன்றே வழி, கூடிய விரைவில் அடக்குவார்கள். கத்தோலிக்கர்களுக்கு 1963 முதல் திருச்சபை தகனத்தையும் அனுமதிக்கிறது. சாம்பலைத் தூவாமல் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பது 2016இல் வந்த அறிவுறுத்தல்.

சொந்தத் தோட்டத்தில் புதைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் முடியாது. ஊராட்சிப் பகுதிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதிய இடுகாடு அமைக்கக் கூடாது. 2024 ஜூலையில் கொல்லப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைப் பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில்தான் அடக்கினார்கள். அனுமதியின்றிப் புதைத்தால், பிறகு தோண்டி எடுக்கச் சொல்லும் நிலைகூட வரலாம்.

மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமே?

ஓரிரு நாளுக்குக் குளிர்பெட்டி போதும். அதற்கு மேல் என்றால் மருத்துவமனைப் பிணவறையில் வைப்பது பாதுகாப்பு. உடல் தானம் என்றால் இப்படிக் காத்திருக்க முடியாது. வருபவருக்கு அதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

என்ன தாள்கள் வேண்டும்?

எந்த வழியானாலும் மருத்துவரின் சான்று முதலில் வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தருவார்கள். வீட்டில் இறந்தால், அவருக்கு வைத்தியம் பார்த்து வந்த மருத்துவரிடம் வாங்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவர் வீட்டில் இருந்தால், பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் இப்போதிருந்தே காட்டி வருவது இந்த நேரத்தில் கைகொடுக்கும். மரணத்தில் சந்தேகம் இருந்தால் காவல்துறைக்குச் சொல்லாமல் உடலை எடுக்காதீர்கள். இறந்தவர், விண்ணப்பிப்பவர் இருவரின் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போங்கள். அங்கே தரும் ரசீதைச் சட்டைப் பையில் மடித்துத் தொலைத்துவிட வேண்டாம், இறப்பைப் பதிவு செய்யும்போது கேட்பார்கள்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை அலைய வேண்டியிருக்கும். பதிவு செய்ய வேண்டியது உயிர் பிரிந்த ஊரில். சென்னை மருத்துவமனையில் இறந்தவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் எரித்தாலும் சான்றிதழ் சென்னையில்தான் கிடைக்கும். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், வாரிசுச் சான்று என ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள், போதுமான நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.