மூன்றால் பெருக்கும் முன்

1973 மே மாதம் வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கைமாறின. அந்த ஏற்பாடு முறிந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் அது மூன்றரையையும் தாண்டியது. ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று வீட்டில் பேச்செடுத்தால், இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிங்கப்பூரில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி என்றால் இங்கே ஆறாயிரம். பிறகு எதற்கு யோசனை? பெருக்கல் தப்பில்லை. ஆனால் அது இரண்டாவதாகப் போட வேண்டிய கணக்கு. எந்தத் தாளின் பேரில் போகிறோம், அந்தத் தாள் நம்மை எதோடு சேர்த்துக் கட்டுகிறது என்பதுதான் முதல் கணக்கு. இது பேராவின் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதுப் பாடமும் அல்ல.

முதலில் தாள். மலேசியர் சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்கப் போக விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் பொதுவாக முப்பது நாள் தங்க விடுவார்கள். அந்த முப்பது நாளில் நேர்காணலுக்குப் போகலாம், வேலை செய்யக் கூடாது. ‘ரெண்டு நாள் செய்து பாருங்க, பிடிச்சா பெர்மிட் போடுறோம்’ என்று முதலாளி சொன்னாலும் அது குற்றம்தான். அனுமதியின்றி வேலை செய்தவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வேலைக்கான தாள்களில் மூன்றுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அடியில் இருப்பது ‘வொர்க் பெர்மிட்’. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று எதுவும் இல்லை. நடுவில் ‘எஸ் பாஸ்’. 2025 செப்டம்பரிலிருந்து மாதம் 3,300 வெள்ளியாவது சம்பளம் இருந்தால்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். மேலே ‘எம்ப்ளாய்மெண்ட் பாஸ்’. அதன் தொடக்க வரம்பு 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளி; வயது கூடக் கூட அதுவும் ஏறும். போதாததற்கு 2023 செப்டம்பர் முதல் ‘காம்பஸ்’ என்ற புள்ளி முறையில் 40 புள்ளி எடுத்தாக வேண்டும். இந்த வரம்புகளை அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். மூன்றுக்கும் விண்ணப்பிப்பது முதலாளிதான், தொழிலாளி அல்ல.

அடித்தட்டுத் தாளில் மலேசியருக்குச் சலுகை அதிகம். இந்தியா, வங்காளதேசம் போன்ற நாட்டினருக்குச் சேவைத் துறையில் சில குறிப்பிட்ட வேலைகள்தான் திறந்திருக்கின்றன. மலேசியர் கடை, உணவகம், கிடங்கு, துப்புரவு என்று எங்கும் சேரலாம். மற்றவர்களுக்காக முதலாளி கட்ட வேண்டிய 5,000 வெள்ளி ஈட்டுத்தொகை மலேசியருக்குக் கிடையாது. ஊர் திரும்பி வந்து மறுபடி போவதும் எளிது. கதவு இவ்வளவு லேசாகத் திறப்பதாலேயே, உள்ளே போவதற்கு முன் யாரும் எதையும் வாசித்துப் பார்ப்பதில்லை. மலேசியப் புள்ளிவிவரத் துறை 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரின் மாதச் சம்பளம் 1,500 வெள்ளிக்கும் 3,599 வெள்ளிக்கும் இடையில். இன்றைய எஸ் பாஸ் வரம்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

கோட்டுக்குக் கீழே நிற்பதில் என்ன குறை? பெர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குடியமர முடியாது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் அங்கத்திய மனிதவள அமைச்சின் ஒப்புதலைக் கேட்டுப் பெற வேண்டும். வேலை போனால் பெர்மிட் ரத்தாகும்; பெர்மிட் ரத்தானால் அங்கே இருக்கும் உரிமையும் போய்விடும். அவர் வேலையில் நீடிப்பது அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்ததும் அல்ல. சேவைத் துறை நிறுவனம் ஒன்றில் நூறு பேர் இருந்தால் பெர்மிட்டிலும் எஸ் பாஸிலும் உள்ள வெளிநாட்டவர் 35 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதிலும் எஸ் பாஸ்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளூர் ஆட்கள் நாலைந்து பேர் விலகினால் இந்த விகிதம் ஆட்டம் காணும். அடுத்த முறை புதுப்பிக்கப்படாமல் போவது நன்றாக வேலை செய்த ஒரு பேராக்காரரின் பெர்மிட்டாக இருக்கலாம்.

பேராவின் ரப்பர் தோட்டங்களில் அன்று நடந்ததும் ஏறத்தாழ இதுவே. லயத்து வீடு தோட்டத் துரையுடையது. பால்மரம் வெட்டும் வரைதான் அதில் குடியிருக்கலாம். 1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் இல்லாமல் போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமிருந்தே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதன் காரணம் இதுதான்: கூலி உயர்ந்தால் மட்டும் போதாது, காலடியில் உள்ள நிலம் அடுத்தவன் கையில் இருக்கக் கூடாது. அதோடும் முடியவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தாங்கள் பிறந்த தோட்டத்திலேயே வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பெர்மிட் என்ற சொல் பேராவின் தோட்டப்புறங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்ததல்ல.

இரண்டும் ஒன்றா என்று இந்த இடத்தில் ஒருவர் தாராளமாக மடக்கலாம். சிங்கப்பூரில் முதலாளி பெர்மிட்காரருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. சம்பளத்தைப் பிடித்து வைத்தால் புகார் செய்ய இடம் உண்டு. தோட்டத்துத் தொழிலாளிக்குப் போக வேறிடம் இல்லை, மலேசியருக்குத் திரும்பி வரச் சொந்த நாடு இருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் திரும்பி வரும் சுதந்திரம் வேறு, இருந்து வளரும் உரிமை வேறு. கொரோனாவால் 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, முந்தின இரவே ஆயிரக்கணக்கான மலேசியர்கள் கையில் கிடைத்த பையோடு கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் ஓடினார்கள். தங்க இடம் இல்லாமல் சிலர் கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்துக்கு வெளியே படுத்தார்கள். ஊரில் இருந்துவிட்டால் வேலை போய்விடும், வேலையில் இருந்தால் ஊருக்கு வர முடியாது. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அந்த இரண்டாண்டில் சாவு, கல்யாணம் எதற்கும் எளிதில் வர முடியாமல் கிடந்தவர்கள் எல்லா மாநிலங்களிலும் உண்டு.

பணக் கணக்குக்கு வருவோம். இதில் ஜொகூர்காரரின் கதையைக் கேட்டுப் பேராக்காரர் முடிவெடுப்பதுதான் பெரிய கோளாறு. ஜொகூர் பாருவில் சொந்த வீடு உள்ளவர் சிங்கப்பூரில் சம்பாதித்து ரிங்கிட்டில் சாப்பிட்டு ரிங்கிட்டில் தூங்குகிறார். அவருக்கு மூன்றால் பெருக்குவது உண்மையிலேயே பொருந்தும். ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் கடற்பாலத்து நெரிசலைக் குறைக்கலாம், இந்தத் தூரத்தைக் குறைக்காது. பேராக்காரர் ஜொகூர் பாருவில் வாடகைக்கு இருந்தால் விடியுமுன்னே நாலு மணிக்கு எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்தால் படுக்கைக்கும் சோற்றுக்கும் வெள்ளியில் கொடுக்க வேண்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 1,900 வெள்ளி, பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு கட்டிலுக்கு 500, சாப்பாட்டுக்கு 400, பஸ்ஸுக்கும் கைபேசிக்கும் 150. மிச்சம் 850 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று வைத்தால் 2,720 ரிங்கிட். பெருக்கல் காட்டிய 6,080 எங்கே, இது எங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் வந்து போகும் செலவு இதில் சேரவில்லை.

ஆனாலும் 2,720 சிறிய தொகை இல்லை என்பதை மறைக்கக் கூடாது. 2025 முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்; ஈப்போவில் முதல் வேலைக்குப் போகும் பிள்ளை அதற்குச் சற்று மேலேதான் எதிர்பார்க்க முடியும். 2,000 ரிங்கிட் சம்பளம் என்றால், அவர் பங்கு 11 சதவீதமும் முதலாளி பங்கு 13 சதவீதமுமாக மாதம் 480 ரிங்கிட் ஊழியர் சேமநிதியில், அதாவது இ.பி.எஃபில், விழுகிறது. பத்தாண்டில் 57,600 ரிங்கிட், ஈவுத்தொகை தனி; 2024க்கு அது 6.30 சதவீதம். அதில் பாதிக்கு மேல் முதலாளியின் பணம். சிங்கப்பூரின் மத்திய சேமநிதியோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பெர்மிட்காரருக்கு முதலாளி ஒரு காசும் போட வேண்டியதில்லை. அப்படியும் ரொக்கத்தில் சிங்கப்பூர்தான் முந்துகிறது. முந்துவது மூன்று மடங்கு அல்ல என்பதையும், முப்பது வயதில் அந்த ரொக்கம் எங்கே போயிற்று என்று பார்த்தால் பெரும்பாலும் காடியின் தவணையில் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

‘சிங்கப்பூர்ப் பணத்தில்தானே எத்தனையோ பேர் இங்கே வீடு கட்டினார்கள், தம்பி தங்கையைப் படிக்க வைத்தார்கள்?’ என்ற கேள்விக்கு மறுப்பே இல்லை. கட்டினார்கள். ஆனால் வெற்றி பெற்றவர்களை எண்ணுவது சுலபம். நாற்பது வயதில் அதே கிடங்கில் அதே பெர்மிட்டோடு இருப்பவரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் இல்லாத தாளில் ஏணியும் இல்லை. சிங்கப்பூரில் துப்புரவு, காவல் போன்ற வேலைகளுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை உண்டு, ஆனால் அது காக்க வந்தது உள்ளூர்த் தொழிலாளியை. அதே சீருடையில் பக்கத்தில் நிற்கும் மலேசியருக்கு அந்தப் படி கட்டாயமில்லை. பல இடங்களில் சேர்த்துத் தருகிறார்கள், அது அவர்கள் விருப்பம்.

அதனால் போகாதே என்பது என் வாதம் அல்ல. போகும் வரிசையை மாற்றலாம் என்பதே வாதம். ஈப்போவின் கையில் இன்றும் ஒரு சரக்கு இருக்கிறது. ஈயம் 1985இல் சரிந்து கிந்தா பள்ளத்தாக்கு படுத்துவிட்டது என்று பேசிப் பேசிப் பழகிய நாம், அதற்கு முன்பே 1972இல் கார்செம் என்ற மின்னணுச் சில்லு நிறுவனம் ஈப்போவில் தொடங்கியதை அதிகம் பேசுவதில்லை. யூனிசெமும் இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரில் மைக்ரோன், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் போன்ற சில்லு ஆலைகள் தேடும் பராமரிப்புத் தொழில்நுட்பரின் அனுபவத்துக்கு அடித்தளம் இந்த ஈப்போ ஆலைகளில் சம்பளத்தோடு போட முடியும். எஸ்.பி.எம். முடித்த கையோடு உணவகத்தில் பெர்மிட்டில் நுழைபவருக்கு, இருபத்தைந்து வயதில் எஸ் பாஸ் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. டிப்ளோமாவோ எஸ்.கே.எம். திறன் சான்றிதழோ முடித்து இரண்டு மூன்றாண்டு இங்கே இயந்திரத்தோடு பழகியவருக்கு, கோட்டுக்கு மேலே உள்ள சம்பளத்தைப் பேரம் பேசி வாங்க ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. ‘அதற்குள் வீட்டுக் கஷ்டத்துக்கு யார் பதில் சொல்வது?’ என்பார்கள். நியாயம்தான், உடனடிப் பணம் வேண்டிய குடும்பத்துக்குப் பெர்மிட் ஒரு வழி. அப்படிப் போகிறவர் எத்தனை ஆண்டுக்கு, எதைச் சேர்க்க என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொண்டு போகட்டும்.

ஏஜெண்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூர்ச் சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்சி, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. வேலை கொடுத்ததற்காக முதலாளி பணம் கேட்பது குற்றம். வெளிநாட்டவருக்காக அவர் அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியைச் சம்பளத்தில் கழிப்பதும் குற்றம். பெர்மிட்டுக்கு முன்பு ஐ.பி.ஏ. என்ற ஒப்புதல் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்துச் சம்பளமும் ஒத்துப்போகாவிட்டால் பஸ் ஏற வேண்டாம். கடிதம் உண்மையா என்பதை மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்கள் பலர் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பியே விமானம் ஏறினார்கள். சரிபார்க்கத் தாள் இல்லாத வேலை அது.

ஏற்கெனவே அங்கே பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. முதலாளி போடாத சேமநிதியை அவர்களே போடலாம்: இ.பி.எஃப். கணக்கில் சொந்த விருப்பத்தின் பேரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை கட்ட இடம் இருக்கிறது, வங்கிச் செயலியிலேயே கட்டிவிடலாம். மாதம் 150 வெள்ளி அனுப்பினால் ஈப்போவின் 2,000 ரிங்கிட் வேலைக்கு விழும் 480 ரிங்கிட்டுக்கு அது சமம். மேலே போட்ட உதாரணத்தில், பஸ்ஸுக்கும் கைபேசிக்கும் ஒதுக்கியதும் அதே 150தான்.