ஒரு சைஸ் பெருசாப் போட்டா என்னங்க?

"ஏனுங்க, ஒரு சைஸ் பெருசாப் போட்டா என்னங்க ஆயிரப் போகுது?" பொள்ளாச்சிப் பக்கம் இளநீர் ஏற்றுகிறவரும் கேட்கிறார், அன்னூரில் தோட்டம் வைத்திருப்பவரும் கேட்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பொலேரோ பிக்அப்போ கேம்பரோ வீட்டில் நிற்கிறது. இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. தோட்டத்துத் தடத்தில் அடி தட்டுகிறது. பார்க்கவும் வண்டி கொஞ்சம் எடுப்பாக நிற்க வேண்டும். நியாயமான ஆசைதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்திலிருந்தே தொடங்கலாம்.

215/75 ஆர்15 என்று போட்டிருந்தால், முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் 703 மி.மீ. சொச்சம். இதையே 235/75 ஆர்15 ஆக்கினால் 733 சொச்சம். முப்பது மி.மீ. கூடிவிட்டது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஏனென்றால் அச்சுக்குக் கீழே இருக்கும் பாதிதான் வண்டியைத் தூக்குகிறது. ஆக ஒன்றரை சென்டிமீட்டர் கிடைக்கிறது. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

டயரின் சுற்றளவு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது ஸ்பீடாமீட்டருக்குத் தெரியாது. எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டுமே அது எண்ணும். பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால்காரர்கள் எவ்வளவு நுணுக்கமாக மீட்டர் செய்து கொடுத்தாலும், டயரை நாம் மாற்றினால் கணக்கு மாறத்தான் செய்யும். முன்பு சரியாக 80 காட்டிய முள், இப்போது 83-க்கு மேல் போகும்போதும் 80-லேயே நிற்கும். நூறு கிலோமீட்டர் ஓடினால் 96 என்று பதிவாகும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டதாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இந்த எண்ணிக்கைப் பிழை.

இழுவைக்கு வருவோம். சக்கரம் பெரிதாக ஆக, அதே இன்ஜின் தரையில் கொடுக்கும் தள்ளு குறையும். நான்கு சதவீதம் சமதளத்தில் தெரியாது. லோடோடு பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது தெரியும். மூன்றாவது கியரில் போன இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டிவரும், கிளட்ச் தேயும். சிலர் 31 அங்குல டயருக்கே போகிறார்கள். அது 12 சதவீதப் பெருக்கம். அதற்குக் கிரவுன் பினியனையே வேறு விகிதத்துக்கு மாற்றினால்தான் வண்டி பழைய இழுவைக்கு வரும்; டயரின் செலவு அதன் முன் சின்னதாகிவிடும்.

எனக்கு உண்மையில் கவலை பிரேக்கைப் பற்றித்தான். டிஸ்க்கும் டிரம்மும் பழைய அளவிலேயே இருக்கின்றன, நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகி, கனமாகியும் விட்டது. 31 அங்குலத்தில், அதே மிதிக்குக் கிடைக்கும் பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 வளைவு இறங்கும்போது அந்த ஒரு பங்கு சாதாரண விஷயம் அல்ல.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பெரிய டயர் உரசாமல் இருக்கப் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டோ, பிளாக் வைத்தோ வண்டியைத் தூக்குவார்கள். பல பிக்அப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போகும். அது லோடு சென்சிங் வால்வைச் சேர்ந்தது. லோடு ஏறிப் பாடி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். பாடியைத் தூக்கிவிட்டால், ஒரு டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே அது எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். தூக்கிக் கொடுக்கும் மெக்கானிக்கிடம் அந்தக் கம்பியைத் திரும்ப செட் செய்தாரா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

உரசல் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து முன் வீல் ஆர்ச்சின் உள்பக்கமும் சேஸிஸ் ஓரமும் தடவிக் காய விடுங்கள். லோடு ஏற்றி, ஒரு பக்க முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். வெள்ளை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் உரசுகிறது. காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு உரசவில்லை என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஸ்டெப்னி பாடிக்கு அடியில் தன் இடத்தில் ஏறுகிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.

சைஸ் எண்ணுக்குப் பின்னால் வரும் லோடு இண்டெக்ஸும் முக்கியம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925. பார்வைக்குப் பெரிதாக இருக்கும் கார் டயர், பழைய லோடு டயரைவிடக் குறைவாகத் தாங்கலாம்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோடு ஆர்சி முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. சரக்கு வண்டிக்கு டயர் அளவும் பதிவு விவரத்தில் சேரும்; எட்டு வருஷம் தாண்டிய வண்டி வருஷா வருஷம் எஃப்சி-க்குப் போக வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் தோண்டுவார்.

ஆகவே தினமும் கோயம்புத்தூருக்குள் போய்வந்து, வாரத்தில் ஒருநாள் தோட்டத்துக்கு இறங்கும் வண்டி என்றால் என் பேச்சு இதுதான்: உங்கள் மாடலுக்கே கம்பெனி கொடுத்திருக்கும் பெரிய அளவு இருந்தால், ஆர்சி-க்கும் பொருந்தினால், அதுவரை போங்கள். இல்லையென்றால் பழைய அளவிலேயே நல்ல ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். மண் தடத்தில் அடி தட்டுவதைவிட வழுக்குவதுதான் அதிகம், அதற்கு அந்த டயரின் பட்டன் உதவும். கையில் இருக்கும் பணத்தை முதலில் பிரேக் லைனிங், வீல் பேரிங், பட்டை புஷ் மூன்றுக்கும் கொடுங்கள். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3218 என்றால் 2018-இன் 32-ஆவது வாரம் செய்தது. புதுசு போலப் பளபளத்தாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.