பழகின வழியே மறந்து போகுதா? பெரியவர்களுக்கு 'வி.ஆர்.' கண்ணாடி பயிற்சி!

ஏற்காடு:
பனிமூட்டம் இறங்கினால் ஏற்காட்டில் பத்தடியில் நிற்கும் ஆள்கூட தெரியாது. ஒண்டிக்கடை ரவுண்டானாவில் "எந்தப் பக்கம் போகணும்?" என்று டூரிஸ்ட் கேட்டால் பரவாயில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர் கேட்டால்?

"வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீங்க. மறதி நோயின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

மூளையில் 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதிதான் வழியை ஞாபகம் வைக்கிறது. அங்கே இடத்தை அடையாளம் காணும் செல்களைக் கண்டுபிடித்த ஜான் ஓ'கீஃபுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோய் சீக்கிரமே தாக்கும் இடமும் இதுதான்.

கண்ணாடி என்ன செய்யும்?

'வி.ஆர்.' கருவியை கண்ணில் மாட்டினால் தெரு, கடை, முச்சந்தி எல்லாம் நிஜம் போல தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே "கோவிலுக்கு போய் திரும்பி வாங்க" என்று பழக்குவார்கள். வழி தப்பினாலும் தொலைய மாட்டார், வண்டியில் அடிபட மாட்டார். லேசான மறதி உள்ளவர்களிடம் பல நாடுகளில் இதை சோதித்து வருகிறார்கள். ஆனால் நோயை குணமாக்கும் மருந்து அல்ல. சிலருக்கு தலைசுற்றும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தினமும் ஒரே வழியில் கூடவே நடங்க. "ஏரி வந்தாச்சு, அடுத்து என்ன?" என்று அவரையே சொல்ல விடுங்க.
* சட்டைப்பையில் முகவரி, போன் நம்பர் சீட்டு வைங்க.
* டாக்டரிடம் காட்டுங்க. பி-12 சத்து குறைவு, தைராய்டு கோளாறாலும் மறதி வரும். அதற்கு சிகிச்சை உண்டு.

முதியோர் உதவிக்கு 14567.

திட்டாதீங்க... வழி மறந்தவருக்கு வேண்டியது ஒரு கை!